‘இன்று’, ‘நாளை’: இலத்தீன் தொடர்களும் அவற்றின் தமிழாக்கமும்

0. முன்னுரை

‘இன்று’, ‘நாளை’ என்னும் பொருளுடைய காலச்சொற்களைக் கொண்ட இலத்தீன் தொடர்கள் சில தமிழ் எழுத்தில் பயின்று வருகின்றன. நாட்காட்டித் தாள், பள்ளி ஆண்டுமலர், தன்முன்னேற்ற நூல், விளம்பரம் ஆகியவற்றில் இவற்றைக் காணலாம். இவை பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்தவை. வந்த வழியில் இவற்றின் சுட்டுத்தன்மை தேய்ந்துவிட்டது. ‘காலம் பொன் போன்றது’ என்பதைப் போன்ற பொது அறவுரைகளாக இவை மாறிவிட்டன. இலத்தீனுக்கும் தமிழுக்கும் உள்ள அமைப்பு ஒற்றுமையைத் துணைக்கொண்டு நேரே மொழிபெயர்த்தால் இவ்விழப்பின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இந்நேர்வழி புதியதன்று. சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் இலத்தீனில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது. அவரே திருக்குறளின் முதலிரு பால்களை இலத்தீனில் பெயர்த்தார். 1846இல் புதுச்சேரியில் இலத்தீன்-பிரெஞ்சு-தமிழ் அகராதி ஒன்று அச்சிடப்பட்டது. கார்ல் கிரௌலின் இலத்தீன் குறள் அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1865இல், வெளிவந்தது. இரு மொழிகளையும் நேரே ஒப்பிட்டுப் பழகிய ஒரு மரபு இருந்தது என்பதை இவை காட்டும். பின்னர் ஆங்கிலக் கல்வி அவ்வழியைத் தூர்த்துவிட்டது.

1. சொல்லமைப்பு

இலத்தீனில் ‘இன்று’ என்பதற்குரிய சொல் ‘ஹோதியே’. ‘இந்த’ என்னும் சுட்டும் ‘நாளில்’ என்னும் வேற்றுமை ஏற்ற பெயரும் இணைந்து இறுகியதே இச்சொல். தமிழ் ‘இன்று’ என்பதும் அவ்வாறே அண்மைச் சுட்டாகிய இகரத்தை முதலாகக் கொண்டது; ‘அன்று’, ‘என்று’ என்பவற்றோடு ஒரு வரிசையில் நிற்பது. அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெனத் தொல்காப்பிய நூன்மரபு வகுத்திருப்பதை நோக்க, தமிழ் மரபில் ‘இன்று’ என்பதைச் சுட்டுச்சொல்லாக அறிவதற்குப் புதிய கோட்பாடு எதுவும் வேண்டுவதில்லை. ஆங்கிலத்தில் ‘டுடே’ என்னும் சொல்லில் சுட்டு இல்லை. ஆகவே இலத்தீன் சொல்லின் உள்ளமைப்பைத் தமிழ் காட்டுமளவுக்கு ஆங்கிலம் காட்டாது.

‘நாளை’ என்பதில் நிலைமை தலைகீழாகிறது. இலத்தீன் ‘க்ராஸ்’ என்னும் சொல்லுக்குள் ‘நாள்’ இல்லை. தமிழ் ‘நாளை’யோ ‘நாள்’ என்பதன் அடியாகவே பிறந்தது. கன்னடத்திலும் மலையாளத்திலும் இதன் இனச்சொற்களே வழங்குகின்றன. தெலுங்கில் ‘ரேபு’ என்பது விடியலையும் மறுநாளையும் ஒருங்கே குறித்தது. இலத்தீனின் கிளைமொழிகளும் தெலுங்கின் வழியையே மேற்கொண்டன: பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகியவற்றில் மறுநாளைக் குறிக்கும் சொற்கள் ‘காலை’ என்று பொருள்படும் ‘மானே’ என்னும் சொல்வழி வந்தவை. பழைய ‘க்ராஸ்’ சார்தீனியத் தீவிலும் தென்னித்தாலியப் பேச்சுவழக்குகளிலும் மட்டுமே பிழைத்தது. ‘ஹோதியே’ அவ்வாறு அழியவில்லை. எனினும் பிரெஞ்சில் அது மிகத் தேய்ந்துபோனமையால், ‘இன்று என்னும் நாளில்’ என்று நீட்டி வலுவூட்ட வேண்டியதாயிற்று. ‘இன்றைய தினம்’ என்று மேடையில் நீட்டுவோர் நம்மிடையேயும் உளர்.

மொழிபெயர்ப்பாளர் இடறும் சொல் ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். இலத்தீனில் முந்தாநாளைக் குறிக்கும் ‘நூதியுஸ் தெர்தியுஸ்’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் ‘இப்போது மூன்றாம் நாள்’ என்று பொருள். உரோமர் தொடங்கும் நாளையும் சேர்த்தே எண்ணினர். இதனை ‘மூன்று நாள்களுக்கு முன்’ என்று பெயர்த்தால் ஒருநாள் பிழைபடும். மறுமுனையில் நிற்கும் ‘பெரெந்தியே’ நாளை மறுநாளாகும். யாழ்ப்பாணத்தார் அதனை ‘நாளையிண்டைக்கு’ என்பர். ‘நாளை’யும் ‘இன்றைக்கு’ம் கூடி நாளை மறுநாளாவது விந்தையே.

2. ‘கார்பே தியெம்’

ஹோரேஸ் இயற்றிய பாடல்களின் முதல் நூலில் பதினொன்றாம் பாடலில் வரும் இவ்விரு சொற்கள் உலகறிந்தவை. ஆங்கிலத்தில் ‘நாளைக் கைப்பற்று’ என்னும் பொருளில் அவை வழங்கின. சால் பெல்லோ 1956இல் தம் குறுநாவலுக்கு அவ்வழக்கையே தலைப்பாக்கினார். 1989இல் வெளிவந்த ‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’ திரைப்படம் அவ்வழக்கைப் பள்ளி மாணவர் வரை கொண்டு சேர்த்தது. தமிழில் காணும் ‘நாளைக் கைப்பற்று’, ‘வாய்ப்பை நழுவவிடாதே’ போன்ற பெயர்ப்புகள் ஆங்கில வழக்கின் பெயர்ப்புகளேயன்றி ஹோரேஸின் பெயர்ப்புகள் அல்ல. கைப்பற்றுதல் கோட்டைக்கும் கருவூலத்துக்கும் உரிய வினை. ‘கார்பே’ என்னும் ஏவலின் வினையடி பூவும் கனியும் பறித்தல், ஆடு புல் மேய்தல் ஆகியவற்றைக் குறிப்பது. அப்பாடலின் சூழலும் தோட்டத்தைச் சார்ந்ததே. மதுவை வடித்தலும், நீண்ட நம்பிக்கையைக் கொடியைப் போல் நறுக்குதலும் அங்கே பேசப்படுகின்றன.

அவ்வாறாயின் ‘பறி’ எனலாமா? தமிழில் ‘பறித்தல்’ பூவுக்கும் ஆகும், கொள்ளைக்கும் ஆகும். ‘வழிப்பறி’, ‘பறிபோயிற்று’ என்னும் வழக்குகள் இருக்கும்வரை, விட்டொழித்த கைப்பற்றல் பின்வாசல் வழியே திரும்பிவிடும். கீரையைக் கிள்ளுகிறோம், கதிரை அறுக்கிறோம், பூவைக் கொய்கிறோம் என்று பொருளுக்கேற்ப வினையை வேறுபடுத்தும் தமிழில் ‘கொய்’ என்பதே இவ்விடத்துக்கு நெருங்கியது எனக் கருதலாம்.

வினையைவிடச் செயப்படுபொருள்தான் பெருஞ்சிக்கல். ‘தியெம்’ என்பது ‘நாள்’ என்பதன் இரண்டாம் வேற்றுமை வடிவம். தமிழில் அது ‘நாள் + ஐ’ = ‘நாளை’. இவ்வடிவமும் மறுநாளைக் குறிக்கும் காலச்சொல்லும் ஒலியாலும் எழுத்தாலும் ஒன்றே. ஹோரேஸ் அச்சொற்களை அடுத்து, வரும் நாளை நம்பாதே என்றே கூறுகிறார். அவருடைய தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், அவர் எதனை நம்ப வேண்டாமென்றாரோ அதனையே கொய்யச் சொல்வதாகப் படிக்க இடமுண்டாகிறது. இலத்தீனிலிருந்து எந்த மொழிக்குப் பெயர்ப்பவருக்கும் பொதுவான இடரன்று இது. தமிழும் அதன் நெருங்கிய இனமொழிகளும் விரிக்கும் வலை.

ஒற்று மிகுதலைக் கொண்டு வேறுபடுத்தலாமே எனின், அது முழுமையாகத் துணைசெய்யாது. இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும். ‘நாளை’ என்னும் காலச்சொல்லின்பின் இக்கால உரைநடையில் பெரும்பாலும் மிகுவதில்லை. அவ்வகையில் ‘நாளைக் கொய்’ என்பதும் ‘நாளை கொய்’ என்பதும் வேறாகும். எனினும் ஓர் ஒற்றெழுத்தை, அதுவும் அச்சுக்கோப்பில் முதலில் உதிரும் எழுத்தை, ஒரு தத்துவத்துக்குத் தூணாக நிறுத்துவது துணிகரம். வல்லினம் வாராத இடங்களில் அத்தூணும் இல்லை: ‘நாளை வீணாக்காதே’, ‘நாளை எண்ணிப்பார்’, ‘நாளை மறந்துவிடு’ என்பவற்றில் நாள் எது, மறுநாள் எது என்று சூழல்தான் சொல்ல வேண்டும். மேலும், பழைய வழக்கில் காலச்சொல்லின் பின்னும் ஒற்று மிகுந்துள்ளது. ‘திருநாளைப்போவார்’ என்னும் பெயரே சான்று. கிறித்தவ வேதத்தின் தமிழ்ப் பெயர்ப்பில், மறுநாளுக்காகக் கவலைப்பட வேண்டாமென்னும் இடத்தில் (மத்தேயு 6:34) ‘நாளையத்தினம்’ என்னும் வடிவம் ஆளப்பட்டது. ‘நாளைய நாள்’ என்னும் இடறலை வடசொல் ஒன்று அங்கே நீக்கித் தருகிறது.

தீர்வுகள் இரண்டு உள. முதலாவது, சுட்டை வெளிப்படையாக்கி ‘இன்றைக் கொய்’ எனல். பொருள் தெளிவாகும், ஆனால் ஹோரேஸ் ‘ஹோதியே’ என்று கூறவில்லை, ‘நாள்’ என்றே கூறினார். இரண்டாவது, வேற்றுமை உருபைத் தொகுத்து ‘நாள் கொய்’ எனல். தமிழில் அஃறிணைச் செயப்படுபொருள் உருபின்றியும் வரும். உருபு வந்தால் குறிப்பிட்ட பொருள், வாராவிடில் பொதுப்பொருள் என்பது ஒரு பொதுவான போக்கு. இலத்தீனில் ஆங்கிலத்தின் ‘தி’, ‘எ’ போன்ற பெயர்முன் அடைகள் இல்லை. ‘தியெம்’ என்பது ‘இந்த நாள்’, ‘ஒரு நாள்’ இரண்டுக்கும் இடம் தருகிறது. ‘நாள் கொய்’ என்னும் தொகையும் அதே நெகிழ்ச்சியை உடையது. ‘பூக் கொய்’ என்பதைப் போல் அது இயல்பாகவும் ஒலிக்கிறது. அன்றலர்ந்த பூவுக்கு ‘நாண்மலர்’ என்றும், பகற்சந்தைக்கு ‘நாளங்காடி’ என்றும் பெயரிட்ட பழந்தமிழில், ‘நாள்’ என்பதிலேயே புதுமையின் ஈரம் உண்டு. ஆங்கிலத்தின் வழி வருபவர் இதனை எட்டுவது அரிது.

இத்தீர்வுக்கு இன்னொரு வலுவும் உண்டு. ஹோரேஸ் அப்பாடலில் லெயூகோனோயே என்னும் பெண்ணை விளித்து, பாபிலோனியக் கணிதத்தை நாடி ஆயுளை அறிய முயலவேண்டாம் என்கிறார். அஃதாவது சோதிடம் பார்க்காதே என்கிறார். தமிழில் ‘நாள்’ என்பதற்கு விண்மீன் என்னும் பொருளும் உண்டு. ‘நாள் பார்த்தல்’, ‘நாள் குறித்தல்’ என்பவை இன்றும் வீட்டு வழக்குகள். ஆகவே ‘நாள் பார்க்காதே, நாள் கொய்’ என்று தமிழில் கூறும்போது, மூலத்தில் இரு வேறு சொற்களில் பிரிந்துகிடக்கும் எதிர்நிலை ஒரே சொல்லின் இரு பொருள்களில் கூடி நிற்கிறது. மூலத்தில் இல்லாத நயத்தைச் சேர்க்கலாமா என்னும் வினா எழும். கருத்து மூலத்தில் இருக்க, சொல்நயம் மட்டும் தமிழுடையதாயின், அதனை மறுக்கக் காரணம் இல்லை என்பது இக்கட்டுரையாளர் துணிபு. எனினும் ஓர் எச்சரிக்கை: ஹோரேஸிடம் மனிதன் நாளைக் கொய்கிறான், குறள் 334இல் நாளே வாளாகி மனிதனின் உயிரை அறுக்கிறது. ‘நாள் கொய்’ என்பதைக் குறள் பயின்ற வாசகர் கேட்கும்போது அந்த வாள் நினைவுக்கு வராமற் போகாது.

3. எழுதப்பட்ட ‘நாளை’

பேச்சில் ‘நாளை’ என்றால் கேட்பவருக்கு நாள் தெரியும். எழுத்தில் அவ்வாறன்று. எழுதிய நேரமும் படிக்கும் நேரமும் வேறாகும்போது சுட்டுச்சொல் எதைப் பற்றிக்கொள்ளும் என்பதை ஃபில்மோர் 1971இல் ஆற்றிய சுட்டு பற்றிய சொற்பொழிவுகளில் விளக்கினார். கடலில் மிதந்துவரும் புட்டியினுள் ‘நாளை நண்பகல் இங்கே சந்திக்க’ என்று ஒரு சீட்டு இருப்பதாக அவர் கற்பனை செய்தார். அந்தச் சீட்டு ஒரு விபத்து. அதே குழப்பத்தை வேண்டுமென்றே பயன்படுத்தும் எழுத்துகளும் உண்டு.

உரோமப் பேரறிஞர் வர்ரோ (கி.மு. 116-27) எழுதிய அங்கதங்கள் சிதறல்களாகவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்றன் தலைப்பு ‘க்ராஸ் க்ரேதோ, ஹோதியே நிஹில்’. ‘நாளை கடன் தருகிறேன், இன்று ஒன்றுமில்லை’ என்பது பொருள். நம் மளிகைக்கடைகளில் தொங்கும் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்னும் பலகையே அது. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் இரு வணிகரும் ஒரே இலக்கண உண்மையைக் கண்டிருக்கின்றனர்: பலகையிலுள்ள ‘நாளை’ ஒவ்வொரு காலையும் புதுப்பிக்கப்படும், ஒருபோதும் வாராது. இங்கே வினைவடிவம் நோக்கத்தக்கது. ‘க்ரேதோ’ நிகழ்காலம், தமிழிலும் ‘தருவேன்’ என்பதைவிடத் ‘தருகிறேன்’ என்பதே உறுதி மிக்கது. அந்த உறுதியில்தான் கேலி இருக்கிறது. ‘க்ரேதோ’ என்பதற்கு ‘நம்புகிறேன்’ என்றும் பொருளுண்டு. தமிழ்க் ‘கடன்’ அதனைத் தாராது. அதற்கு மாறாகக் ‘கடமை’ என்னும் நிழலைத் தரும்.

இக்கட்டுரையாளர் வாழும் ஜீவனஹள்ளி தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் கேட்கும் பகுதி. 1990களில் பெங்களூரில் பரவிய ஒரு கதை இங்கே நினைக்கத்தக்கது. இரவில் கதவைத் தட்டும் பேயை ஏமாற்றக் கதவில் ‘நாளெ பா’ (நாளை வா) என்று கன்னடத்தில் எழுதினர். பேய் அதனைப் படித்துத் திரும்பும், மறுநாள் வந்து மீண்டும் படிக்கும். 2018இல் வெளிவந்த ‘ஸ்த்ரீ’ என்னும் இந்தித் திரைப்படம் இவ்வுத்தியைத் தன்னதாக்கிக் கொண்டது. இந்தியில் ‘கல்’ என்பது நேற்றுக்கும் நாளைக்கும் பொது. ஏவல் வினைதான் பொருளை வரையறுக்கிறது. பேய்க்கு எழுத்தறிவு உண்டு, சுட்டறிவு இல்லை என்பதே கதையின் அடிப்படை. ‘இன்று போய் நாளை வா’ என்னும் தமிழ் வழக்கை (1981இல் இதே பெயரில் திரைப்படமும் வந்தது) இதனோடு குழப்பலாகாது. இராமன் இராவணனிடம் கூறியதாகக் கம்பர் அமைத்த சூழலிலிருந்து வந்த அந்த ‘நாளை’ பேச்சில் பிறந்தது. உண்மையாகவே விடிந்துவிடும் நாளை அது.

கல்லறை எழுத்தில் காண்பது மூன்றாம் வகை. ‘ஹோதியே மிஹி, க்ராஸ் திபி’: ‘இன்று எனக்கு, நாளை உனக்கு’. வினையற்ற இத்தொடர் தமிழில் சிறிதும் சிதையாமல் அமர்கிறது. நான்காம் வேற்றுமை மட்டுமே வினையின் பணியையும் ஆற்றுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு முன்னிடைச் சொற்களைத் தேட வேண்டும். இத்தொடரின் மூலமெனக் கருதத்தக்க சீராக் ஆகமத்தில் (அதிகாரம் 38) இலத்தீன் வேதம் ‘நேற்று’, ‘இன்று’ என்றே ஆள்கிறது. பிற்கால வழக்கு அதனை ஒருநாள் முன்தள்ளி ‘இன்று’, ‘நாளை’ ஆக்கியது. இம்மாற்றம் சிறியதன்று. முன்னதில் படிப்பவனுக்கு உரிய நாள் வந்தேவிட்டது. பின்னதில் ஓர் இரவு தவணை கிடைக்கிறது. கடைக்காரரின் நாளை வாராது. கல்லறையின் நாளை தவறாது. இலக்கணம் ஒன்றே, உலகியல் வேறு.

மலையாளத்தில் இது ‘இன்னு ஞான், நாளெ நீ’ என எழுவாய் வடிவில் வழங்குகிறது, ஜி. சங்கர குருப்பின் புகழ்பெற்ற கவிதையின் தலைப்பும் அதுவே. தமிழிலும் ‘இன்று நான், நாளை நீ’ என்பர்; 1983இல் அதனை மாற்றி ‘இன்று நீ நாளை நான்’ என்று ஒரு படம் வந்தது. ‘எனக்கு’ என்னும்போது சாவு ஒருவர்க்கு நேர்வது. ‘நான்’ என்னும்போது ஒருவர் இன்னொருவரின் இடத்தில் நிற்பது. மூலத்துக்கு உண்மையாக இருக்க விரும்புவோர் நான்காம் வேற்றுமையைக் கைவிடலாகாது. ‘திபி’ என்பதற்கு ‘உமக்கு’ என்று மரியாதை காட்ட முற்படுவோரும் உளர். சாவு மரியாதைப் பன்மை அறியாதது. ‘உனக்கு’ என்பதே தகும்.

அலுவலக இலத்தீன் பற்றிச் சில சொற்கள். ‘ஸினே தியே’ என்பதற்குச் சொற்பொருள் ‘நாளின்றி’. சட்டமன்றச் செய்திகளில் இது ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’ என வழங்குகிறது. குறை காண இயலாத பெயர்ப்பு. ‘பெர் தியெம்’ என்பதற்குத் ‘தினப்படி’ என்பதும் அத்தகையதே. நீதிமன்றத் தமிழ் இதற்கும் மேலே சென்றுள்ளது. வழக்கு ஒத்திவைக்கப்படும் நாளுக்கு அங்கே ‘வாய்தா’ என்று பெயர். அரபி வழி உருதுவிலிருந்து வந்த அச்சொல்லுக்கு மூலப்பொருள் ‘வாக்குறுதி’. வர்ரோவின் கடைக்காரர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

4. காக்கையும் நந்தனாரும்

புனித அகஸ்டின் தம் அறவுரைகளில், மனந்திரும்புதலை ஒத்திப்போடுவோர் ‘க்ராஸ், க்ராஸ்’ என்று கூறுவதைக் காக்கையின் குரலுக்கு ஒப்பிட்டார். காக்கை இலத்தீனில் ‘நாளை, நாளை’ என்றே கரைகிறது. தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் எட்டாம் பகுதியில், மிலான் நகரத் தோட்டத்தில் தாமும் அவ்வாறு தள்ளிப்போட்டதை அவர் விவரிக்கிறார். அவருக்கு முன்பே மார்ஷியல், எப்போதும் நாளை வாழப்போவதாகக் கூறும் போஸ்துமுஸ் என்பவரைப் பார்த்து, அந்த நாளை எப்போது வரும் என்று எள்ளினார். இம்மரபில் ‘நாளை’ என்பது சொல்பவரின் குற்றம். ‘ப்ரோக்ராஸ்தினாரே’ (நாளைக்குத் தள்ளுதல்) என்னும் வினை அக்குற்றத்தின் பெயர். தமிழில் இதற்கு ‘நாட்கடத்தல்’ உண்டு. குறள் 605இல் வரும் ‘நெடுநீர்’ அதனினும் செறிவானது. வழக்கொழிந்தமையால் மொழிபெயர்ப்பாளர் அஞ்சி விலகும் சொல் அது.

காக்கைச் சிலேடையைத் தமிழாக்க இயலாது. ஓசை பொருந்தாமை மட்டும் காரணமன்று. தமிழ்க் காக்கை கரைந்தால் விருந்து வரும். குறுந்தொகை 210ஆம் பாடல் அக்காக்கைக்குக் கைம்மாறு பேசியது, அதனைப் பாடிய நச்செள்ளையார் காக்கைபாடினியார் என்றே பெயர்பெற்றார். உரோமக் காக்கை ஒத்திவைக்கிறது. தமிழ்க் காக்கை வரவை உரைக்கிறது. அடிக்குறிப்பே இங்குத் தகுந்த வழி.

ஆனால் இதைவிட ஆழமான வேறுபாடு ஒன்றுண்டு. தமிழில் ‘நாளை’ என்று ஓயாமல் கூறியவர் என்றால் நினைவுக்கு வருபவர் நந்தனார். சுந்தரர் தொகுத்த அடியார் வரிசையில் அவர் பெயர் ‘திருநாளைப்போவார்’. சேக்கிழார் அவர் கதையை விரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அதனைக் கீர்த்தனைகளாக்கினார். தில்லைக்கு ‘நாளைப் போவேன்’ என்று அவர் நாள்தோறும் கூறியது சோம்பலால் அன்று. பிறந்த குலம் காரணமாகத் தில்லைக்குள் புக இயலாது என்று அறிந்தவரின் சொல் அது. கோபாலகிருஷ்ண பாரதியின் கதையில் அவரைப் போகவிடாமல் தடுக்கும் நிலக்கிழாரும் உண்டு. இத்தகைய ‘நாளை’யைப் போஸ்துமுஸின் ‘க்ராஸ்’ என்பதோடு ஒன்றாக்கி, ஒத்திப்போடுதலின் கேட்டுக்கு எடுத்துக்காட்டாக நந்தனாரைக் காட்டுவது பெரும்பிழை. இலத்தீன் தொடர்கள் யாருக்கு யார் கூறியவை என்பதைக் கேட்காமல் அறவுரைகளாகப் பெயர்க்கும் பழக்கமே இதற்குக் காரணம். தம் நாளுக்குத் தாமே உடையவராய் இருப்பவரிடம்தான் ‘நாள் கொய்’ என்று கூற முடியும். ஹோரேஸின் லெயூகோனோயேக்கு அந்த உரிமை இருந்தது. ஆதனூரில் இருந்தவருக்கு இல்லை.

‘திருநாளைப்போவார்’ என்பதை இலத்தீனில் பெயர்க்க முற்பட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. இலத்தீனில் எதிர்கால வினையெச்சப் பெயரடை உண்டு. ‘க்ராஸ் இதூருஸ்’ என்றால் ‘நாளை போக இருப்பவன்’. எதிர்கால வினையாலணையும் பெயராகிய ‘போவார்’ என்பதற்கு இதனினும் நெருங்கிய வடிவம் ஆங்கிலத்தில் கிடைக்காது. ‘நாளைப்’ என்பதன் ஒற்று அங்கே வேண்டப்படுவதில்லை. பெயரின் முன்னுள்ள ‘திரு’வுக்கு ஏதேனும் ஓர் அடையைத் தேடிக்கொள்ளலாம். இறுதியிலுள்ள ‘ஆர்’ விகுதிக்குத்தான் இலத்தீனில் இடமில்லை.